பதினோரு கிலோ நானூறு

நாலு டிக்கெட்டின் விலையை
தவசிங் மூன்று இரவு பார்த்தார்.
திறக்கும்போதெல்லாம் திரை
கொஞ்சம் கூட்டியே சொன்னது.
மஸ்கட்டில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால்
குறையும் என்றது.
குறைந்த பிறகும் அது
எங்கள் ரெண்டு மாத வாடகை.

நாலாம் நாள் லேப்டாப்பை மூடிவிட்டு
"இந்த வருஷம் வேண்டாம்" என்றார்.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்,
அது வசதியாய்ப் போயிற்று.

ஆனால் உள்ளதைச் சொன்னால்
கண்ணீரோடு வேறொன்றும் இறங்கியது:
யார் யாருக்கு என்னென்ன என்ற பட்டியல்.
போன தடவை பெரிய மதினியின் சென்ட் பாட்டிலைவிட
சின்ன மதினியின் பாட்டில்
விரற்கடை சின்னது.
அந்தப் பேச்சு
லெந்து காலம் வரை ஓடியது.

பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசை
பெர்சியாள் எடுத்துக்கொண்டாள்.
கடலுக்குப் போகும் பையை மாட்டினாள்,
பாயை மாட்டினாள், கேக் டப்பாவை மாட்டினாள்,
தம்பியை மாட்டப்போய் அடி வாங்கினாள்.
கூட்டி எழுதினாள், தம்பி நீங்கலாக:
பதினோரு கிலோ நானூறு.
"இன்னும் நூற்றியெட்டு கிலோ கொண்டுபோலாம்மா,
கொண்டுபோக ஒண்ணும் இல்லையே."

இருபத்தைந்து இங்கே வேலைநாள்.
லீவு கேட்டபோது இஞ்சினியர் மினா சிரித்தாராம்:
"உனக்கு இன்றைக்கா? எங்கள் எகிப்தில் ஜனவரி ஏழு.
அன்றைக்கு என் வேலையை நீ பார்."
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஷார்ஜாவில் எங்கள் சபைக்குக் கிடைத்தது
மூன்றாம் ஹால், நாலரை முதல் ஆறு.
ஆசீர்வாதம் முடியுமுன்னே
உருதுக்காரர்கள் வாசலில் நின்றார்கள்,
கைக்குழந்தைகளோடு, ஜரிகையோடு.
நாங்கள் விட்ட சூட்டிலேயே
அவர்கள் உட்கார்ந்தார்கள்.

பட்டுச் சேலையோடு காரில் ஏறினேன்.
கிழக்கே, மலையைக் குடைந்த பாதை.
சுரங்கத்துக்குச் சுரங்கம் பிள்ளைகள் மூச்சடக்கினார்கள்.
மூன்றாவதில் அசரியா தோற்றான்,
தோற்கவில்லை, தும்மினேன் என்றான்.

ஸுபாராவில் கடல் வெறுமனே கிடந்தது.
நட்சத்திர விளக்கில்லை, பட்டாசில்லை,
சம்பளம் எவ்வளவு என்று கேட்க ஆளில்லை.
பகல் பன்னிரண்டுக்கு மச்சான் வீடியோவில் வந்தார்.
அவர் பின்னால்
நாங்கள் வாங்கிக் கொடுத்த டிவி ஓடியது,
அதற்கும் பின்னால் யாரோ
"அவங்க வரலையா" என்றார்கள்.
மலை குறுக்கே நின்றதால்
அந்தக் கேள்வியோடு படம் உறைந்தது.
தவசிங் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
வெகுநேரம் பாயின் ஓரத்தில்
மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கார் புதைந்தது.
மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டியது.
மீன்வலை ஏற்றிய பிக்கப்பிலிருந்து
நாலு பட்டாணியர்கள் இறங்கினார்கள்.
ஒன்றும் கேட்கவில்லை.
டயரில் காற்றை இறக்கினார்கள்,
கையால் மணலை வாரினார்கள்,
ஏதோ ஒரு சொல்லைச் சேர்ந்து சொல்லித் தள்ளினார்கள்.
காசை நீட்டினால் கோபப்பட்டார்கள்.

கேக்கை நீட்டினேன்.
மூத்தவர் தயங்கினார்.
இதில் சாராயம் இல்லை என்று எப்படிச் சொல்ல?
குடிப்பதுபோல் சைகை காட்டி
இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.
அவர் ஓடிப்போய்
ஐந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்.

எல்லோரும் சிரித்துத் தீர்ந்த பிறகு
எல்லோரும் சாப்பிட்டோம்.
அவர்கள் மகன்களின் போட்டோ காட்டினார்கள்.
பெயர்கள் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள்.
எத்தனை வருஷம் ஆச்சு என்று விரலில் கேட்டேன்.
ஒருவர் நாலு விரல் காட்டினார்,
யோசித்து ஐந்தாவதையும் விரித்தார்.

ராத்திரி பெர்சியாள் பையைத் திரும்ப மாட்டினாள்.
கேக் இல்லாமலே எடை கூடியிருந்தது.
ஈரம் என்றார் அவர்.
மணல் என்றான் அசரியா.
நான் வாளியில் தண்ணீர் பிடித்து
சேலைக் கரையிலிருந்த உப்பை அலசினேன்.
காலையில் ஆறு மணிக்கு
லேபில் எனக்கு டியூட்டி.